ஓடும்போது களைப்பது ஏன்?



நம் விளையாட்டு விழா நாளைச் சற்றே நினைத்துப் பாருங்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன. 800 மீட்டர் ஓட்டம் தொடங்கிவிட்டது. முதற் சுற்றில் எல்லாரும் மான்குட்டிகளைப் போலத் துள்ளி ஓடுகிறார்கள். இரண்டாம் சுற்றின் பாதியில் காட்சி மாறுகிறது. ஒருத்திக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. இன்னொருத்தி விலாவைப் பிடித்துக்கொள்கிறாள். மற்றொருத்தி, காலைத் தூக்கி வைக்கவே முடியவில்லை என்று ஓரமாக ஒதுங்கிவிடுகிறாள். சுற்றிலும் நிற்கும் நாம் "விடாதே, ஓடு!" என்று கத்துகிறோம்.

ஒதுங்கியவளை நாம் என்ன நினைக்கிறோம்? "மனவுறுதி இல்லாதவள்", "சோம்பேறி" என்றுதானே? நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவள்தான்.

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளை மாலைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு இருந்தது. அவர்களில் ஒருத்தி ஒவ்வொரு நாளும் அரைச் சுற்று ஓடியதும் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் பொறுமை இழந்து, எல்லார் முன்னிலையிலும் அவளைச் "சோம்பேறி" என்று சொல்லிவிட்டேன். அவள் மறுமொழி பேசவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு மாதம் கழித்து மருத்துவப் பரிசோதனை நடந்தது. அவளுடைய இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. "இந்தப் பெண் மாடிப்படி ஏறி வருவதே பெரிய காரியம். இவளை ஓட வேறு விட்டீர்களா?" என்று மருத்துவ அம்மையார் என்னைக் கேட்டார். அன்று தலை குனிய வேண்டியவள் நானாகவே இருந்தேன்.

களைப்பு என்பது குணக்கேடு அன்று. அது உடல் நமக்கு அனுப்பும் செய்தி. அச்செய்திக்குக் காரணம் ஒன்றல்ல, பல. எக்காரணத்தால் களைப்பு வந்தது என்று அறிந்தால்தான் அதற்கேற்ற பரிகாரம் தேட முடியும். அக்காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

களைப்பின் பெயரால் மூடப்பட்ட கதவு

களைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டதால் உலகப் பெண்கள் அனைவருமே ஒருமுறை இழப்புக்கு ஆளாயினர். 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்தில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைக்கப்பட்டது. ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். ஜப்பானின் கினுயே ஹிட்டோமி இரண்டாமிடம் பெற்றார். இறுதி ஓட்டத்தில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தனர்.

முடிவுக் கோட்டைத் தாண்டியபின் சிலர் தரையில் சாய்ந்தனர். ஆண்களும் அவ்வாறு சாய்வது வழக்கமே. ஆனால் பல பத்திரிகைகள் பெண்கள் கும்பலாக மயங்கி விழுந்ததைப் போல மிகைப்படுத்தி எழுதின. நீண்ட ஓட்டம் பெண்ணுடலுக்கு ஆகாது என்ற முடிவுக்கு வந்தனர். அந்தப் பந்தயம் நீக்கப்பட்டு, 1960-ஆம் ஆண்டு ரோம் நகரில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. அதுவரை ஒலிம்பிக்கில் பெண்கள் ஓடக்கூடிய அதிகபட்ச தூரம் 200 மீட்டரே. ஒரு நிமிடக் களைப்பைத் தவறாகப் படித்ததன் விலை முப்பத்திரண்டு ஆண்டுகள்!

தசையின் எரிபொருள்

நம் தசை சுருங்கி விரிவதற்கு ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலை நேரடியாகத் தருவது ஏ.டி.பி. என்னும் வேதிப்பொருள். முழு வேகத்தில் ஓடினால், தசையில் இருப்பாக உள்ள ஏ.டி.பி. இரண்டு மூன்று விநாடிக்கே போதும். ஆகவே உடல் அதை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, தசையிலேயே உள்ள கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் பொருள். இது மின்னல் வேகத்தில் ஏ.டி.பி.யைப் புதுப்பிக்கும், ஆனால் பத்து விநாடி அளவிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். 100 மீட்டர் ஓட்டக்காரர் கூடக் கடைசி சில மீட்டர்களில் வேகம் குறைவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, பிராணவாயுவின் உதவியின்றியே சர்க்கரையைச் சிதைப்பது. இதுவும் விரைவான வழியே. 400 மீட்டர், 800 மீட்டர் ஓட்டங்களில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு. இதன் விளைவாக லாக்டிக் அமிலம் தோன்றுகிறது.

மூன்றாவது, பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் எரிப்பது. இது மெதுவானது, ஆயினும் நெடுநேரம் தாங்கும். நடப்பதும், வயலில் வேலை செய்வதும், நெடுந்தூரம் ஓடுவதும் இவ்வழியை நம்பியே நடைபெறுகின்றன.

குறுகிய ஓட்டத்தின் களைப்பும் நெடிய ஓட்டத்தின் களைப்பும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும்.

லாக்டிக் அமிலம் குற்றவாளியா?

"தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதால் களைப்பு உண்டாகிறது" என்று நம்மில் பலர் படித்திருக்கிறோம். இக்கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1907-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் பிளெட்சர், ஹாப்கின்ஸ் என்ற இரு அறிஞர்கள் தவளையின் தசையை ஆராய்ந்தனர். தசை வேலை செய்து களைத்தபோது அதில் லாக்டிக் அமிலம் மிகுந்தது. பிராணவாயு கிடைத்தபோது அது குறைந்தது. பின்னர் தசையைப் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக ஆர்ச்சிபால்ட் ஹில், ஆட்டோ மேயர்ஹாஃப் ஆகியோருக்கு 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டது. அமிலமும் களைப்பும் சேர்ந்தே காணப்பட்டதால், அமிலமே களைப்புக்குக் காரணம் என்று பலரும் கொண்டனர்.

ஆனால் தீப்பிடித்த இடத்தில் தீயணைப்பு வண்டி நிற்பதைக் கண்டு, வண்டிதான் தீ வைத்தது என்று சொல்லலாமா? இன்றைய ஆராய்ச்சி வேறு விதமாகக் கூறுகிறது. தசையில் உண்டாகும் லாக்டேட் வீண்பொருள் அன்று. இருதயமும், வேலை செய்யும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியதில் ஒரு பகுதி கல்லீரலுக்குச் சென்று மீண்டும் சர்க்கரையாகிறது.

இந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்தவர்கள் கார்ல் கோரியும் அவர் துணைவியார் கெர்ட்டி கோரியும் ஆவர். 1947-ஆம் ஆண்டு கெர்ட்டி கோரி மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணியானார். இரத்த உற்பத்தியைக் குன்றச் செய்யும் நோய் தம்மைப் பற்றிய பின்னரும், ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆய்வுக்கூடத்தில் உழைத்து 1957-இல் காலமானார். களைப்பைப் பற்றி அவர் தம் உடலாலும் அறிந்திருப்பார் அன்றோ?

அப்படியானால் வேக ஓட்டத்தில் கால்கள் கனப்பது ஏன்? கிரியேட்டின் பாஸ்பேட் சிதையும்போது பாஸ்பேட் தசைக்குள் குவிகிறது. அது தசை இழைகளின் பிடிப்பைத் தளர்த்துகிறது. தசை சுருங்குவதற்குச் சமிக்ஞையாக விளங்கும் கால்சியம் போதிய அளவு வெளிவருவதில்லை. பொட்டாசியம் தசையணுவிலிருந்து வெளியே கசிந்து, நரம்பின் கட்டளை தசைக்குள் பரவுவதைத் தடுக்கிறது. அமிலத்தன்மைக்கும் இதில் ஓரளவு பங்கு உண்டு. ஆனால் அதுவே முழுக் காரணம் அன்று.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளுங்கள். பயிற்சி செய்த மறுநாள் காலையில் தொடை வலிக்கிறதே, அதற்கும் லாக்டிக் அமிலத்துக்கும் தொடர்பில்லை. ஓடி முடித்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் அது பழைய அளவுக்குத் திரும்பிவிடும். மறுநாள் வலி, பழக்கமில்லாத வேலையால் தசை இழைகளில் உண்டாகும் நுண்ணிய சேதத்தால் வருவது. சில நாட்களில் தானே ஆறும். தசையும் முன்னிலும் உறுதி பெறும்.

இருப்பு தீர்ந்த களஞ்சியம்

நாம் உண்ணும் சோறும் இட்டிலியும் சர்க்கரையாகி, கிளைக்கோஜன் என்ற உருவில் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகின்றன. வளர்ந்தவர் ஒருவரின் தசைகளில் 300 முதல் 500 கிராம் வரையும், கல்லீரலில் 100 கிராம் அளவும் இருக்கலாம். விரைவாக நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு இந்த இருப்பு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்குப் போதும். அது தீர்ந்ததும் உடல் கொழுப்பையே பெரிதும் நம்ப வேண்டியதாகிறது. கொழுப்பிலிருந்து ஆற்றல் மெதுவாகவே கிடைப்பதால் ஓட்டம் நடையாக மாறிவிடும்.

நம் மாணவிகள் அவ்வளவு தூரம் ஓடுவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் கல்லீரலின் இருப்பு இரவு முழுவதும் மூளைக்கும் பிற உறுப்புகளுக்கும் சர்க்கரை வழங்கிக்கொண்டே இருக்கிறது. விடியும்போது அது வெகுவாகக் குறைந்திருக்கும். பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு வாய்க் காப்பியோடு ஓடி வருகிற பெண், பாதி காலியான களஞ்சியத்தோடு மைதானத்தில் நிற்கிறாள். சோர்வும், கவனக் குறைவும், தலைச்சுற்றலும் வருவதில் வியப்பென்ன?

நம் நாட்டின் பி. டி. உஷாவை எல்லாரும் அறிவீர்கள். 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தில் அவர் 55.42 விநாடியில் ஓடி நான்காமிடம் பெற்றார். வெண்கலப் பதக்கம் பெற்றவரின் நேரம் 55.41 விநாடி. ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில் பதக்கம் கைநழுவியது! அங்கே தகுந்த சத்துணவு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் உண்டே சமாளித்ததாகவும், கடைசி 35 மீட்டரில் வேகத்தைக் காத்துக்கொள்ள இயலாமற் போனதாகவும் அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஒரு நிமிடத்துக்கும் குறைந்த ஓட்டத்தில் உடலின் இருப்பு முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. ஆயினும் நல்ல உணவின்றி அடுத்தடுத்த சுற்றுகளில் ஓடுவது எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரத்தம் சுமந்து வரும் பிராணவாயு

இனி, அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியின் நிலைக்கு வருவோம்.

நுரையீரலில் நுழையும் பிராணவாயுவைத் தசைகளுக்குச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதற்குச் செந்நிறம் தருவதும், பிராணவாயுவைப் பற்றிக்கொள்ள உதவுவதும் இரும்புச்சத்தே. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லி லிட்டர் பிராணவாயுவைச் சுமக்கும்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். உங்கள் வயதுப் பெண்ணுக்கு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையாமல் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். அவ்வாறு இருந்தால் அந்த இரத்தம் 16 மில்லி லிட்டர் பிராணவாயுவைச் சுமக்கும். 8 கிராமே இருந்தால் ஏறத்தாழ 10.7 மில்லி லிட்டரைத்தான் சுமக்கும். மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது! ஓடும்போது இருதயம் நிமிடத்துக்கு 15 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துவதாகக் கொள்வோம். தோழிக்கு 2.4 லிட்டர் பிராணவாயு கிடைக்கும்போது, இவளுக்குக் கிடைப்பது 1.6 லிட்டர் மட்டுமே. அந்தக் குறையை ஈடுகட்ட இவள் இருதயம் படபடவென்று அடித்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது, கால்கள் தளர்கின்றன. இருவரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கினாலும், இவள் தன் தோழியைவிட மிகுதியாகப் பாடுபடுகிறாள். அவளைத்தான் நான் சோம்பேறி என்றேன்.

இது யாரோ ஒருத்தியின் கதை அன்று. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஒரு வரிசையில் பத்து மாணவிகள் நின்றால் அவர்களில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்குக் காரணங்கள் பல. வளரும் பருவத்தில் இரும்புச்சத்து மிகுதியாகத் தேவைப்படுகிறது. மாதவிலக்கில் இரத்தத்தோடு இரும்பும் வெளியேறுகிறது. வெறுங்காலுடன் நடப்பதால் உடலில் புகும் கொக்கிப்புழு குடலில் இரத்தத்தை உறிஞ்சுகிறது. இவற்றோடு, வீட்டில் எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கமும் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. இரும்புச்சத்து குறையத் தொடங்கும்போதே, இரத்தசோகை என்று சொல்லத்தக்க நிலை வருமுன்னரே, சோர்வு தோன்றக்கூடும்.

உடலுக்குள் மூளும் வெப்பம்

தசை ஓர் எஞ்சினைப் போன்றது. அது எரிக்கும் ஆற்றலில் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் வேலையாகிறது, மற்றதெல்லாம் வெப்பமாகிறது. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் 5 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 250 கிலோ கலோரி செலவாகும். அதில் 190 கிலோ கலோரியாவது வெப்பமாகும். அவ்வெப்பம் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் உடலின் சூடு நான்கு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். 37 டிகிரியோடு நான்கைக் கூட்டிப் பாருங்கள். அது உயிருக்கே ஆபத்தான நிலை.

நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆவியானால்தான் அந்தப் பயன். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. அதனால்தான் புழுக்கமான மாலையில் விரைவில் களைத்துப்போகிறோம். உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குப் பாய வேண்டும். தசைக்கும் இரத்தம் வேண்டும். வியர்வையால் உடலில் நீர் குறையக் குறைய, இரண்டுக்கும் போதிய இரத்தத்தை அனுப்ப முடியாமல் இருதயம் திணறுகிறது.

1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் உலகம் இதைக் கண்கூடாகக் கண்டது. ஒலிம்பிக் வரலாற்றில் பெண்களுக்கான முதல் மாரத்தான் ஓட்டம் அன்றுதான் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் வென்றார். ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் அரங்கினுள் நுழைந்தார். உடல் ஒருபுறம் சாய்ந்திருந்தது, ஒரு கை செயலற்றுத் தொங்கியது, கால்கள் பின்னின. கடைசித் தண்ணீர் நிலையத்தை அவர் தவறவிட்டிருந்தார். கடைசி 400 மீட்டரைக் கடக்க அவருக்கு ஐந்து நிமிடங்களுக்கு மேலாயிற்று. மருத்துவர்கள் அருகிலேயே நடந்து வந்தனர். அவருக்கு இன்னும் வியர்வை வழிவதைக் கண்டு, தொடர விட்டனர். 37-ஆவதாக முடித்து அவர்கள் கைகளில் சாய்ந்தார். சிகிச்சைக்குப்பின் விரைவிலேயே தேறினார்.

இம்முறை பந்தயம் நீக்கப்படவில்லை. அதன்பின் நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பெண்கள் மாரத்தான் ஓடி வருகிறார்கள். களைப்பு பெண்மையின் குறையன்று, வெப்பத்தின் விளைவு என்பதை 1928-க்கும் 1984-க்கும் இடையில் உலகம் கற்றுக்கொண்டது எனலாம்.

எனினும் ஒரு முக்கியமான வேறுபாட்டை நாம் அறிய வேண்டும். முடிவுக் கோட்டைத் தாண்டி நின்றபின் தலை சுற்றிச் சாய்வது பெரும்பாலும் ஆபத்தற்றது. ஓடும்போது கால் தசைகள் இரத்தத்தை இருதயத்துக்குத் தள்ளிவிடுகின்றன. திடீரென்று நின்றால் இரத்தம் கால்களிலேயே தங்க, மூளைக்குச் செல்வது குறைகிறது. படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். ஆனால் கோட்டைத் தொடுவதற்கு முன்பே தள்ளாடுவதும், பேச்சுக் குழறுவதும், இருக்குமிடம் தெரியாமல் விழிப்பதும் அபாய அறிகுறிகள். வியர்வை வந்துகொண்டிருந்தாலும் அசட்டையாக இருக்கலாகாது. உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி, விசிற வேண்டும். அதே வேளையில் 108-க்குத் தகவல் தர வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது.

மூளைக்கும் பங்குண்டு

களைப்பு தசையில் மட்டுமா இருக்கிறது? இத்தாலியின் டூரின் நகரில் ஏஞ்சலோ மோசோ என்ற பேராசிரியர் விரல் தசையின் களைப்பை அளக்கும் கருவி ஒன்றை அமைத்தார். விரலால் ஒரு சிறு எடையைத் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். கருவி அதைக் கோடுகளாக வரையும். அவருடைய சக ஆசிரியர் ஒருவர் மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்து இழுத்தபோது, அவர் விரல் வழக்கத்தைவிட விரைவில் களைத்துப்போயிற்று. விரல் வேலையே செய்யவில்லை, உழைத்தது மூளை! 1891-இல் வெளியான தம் நூலில் மோசோ இவற்றை விளக்கினார். தேர்வு நடத்தும் ஆசிரியர்களும் களைப்பார்கள் என்பதற்கு நல்ல சான்று கிடைத்துவிட்டது பாருங்கள்!

2004-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு சோதனை நடந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் விரைவாகச் சைக்கிள் மிதித்தவர்கள், மாவுச்சத்துக் கரைசலை வாயிலிட்டுக் கொப்பளித்துத் துப்பினர், விழுங்கவில்லை. அப்படியிருந்தும் வெறும் நீரால் கொப்பளித்தபோது மிதித்ததைவிட ஏறத்தாழ 3 விழுக்காடு விரைவாக மிதித்தனர். உணவு வருகிறது என்று நாவிலிருந்து செய்தி சென்றதுமே மூளை தன் கட்டுப்பாட்டைச் சற்றுத் தளர்த்தியது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம்.

களைத்துத் தளர்ந்த பெண் கடைசி ஐம்பது மீட்டரில் எங்கிருந்தோ வேகம் பெற்று ஓடுவதை நாம் பார்த்திருக்கிறோம். முடிவு கண்ணுக்குத் தெரிந்ததும், சேமித்து வைத்ததைச் செலவிட மூளை இசைகிறது. எனவே தோழியரின் உற்சாகக் குரலுக்கும் உண்மையான பயன் உண்டு. ஆனால் இரும்புச்சத்து இல்லாத இரத்தத்துக்கும், கொதிக்கும் உடலுக்கும் உற்சாகக் குரல் மருந்தாகாது.

நாம் செய்ய வேண்டியவை

1. காலையில் உண்ணாமல் பள்ளிக்கு வராதீர்கள். போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே இட்டிலி, இடியாப்பம், வாழைப்பழம் போன்ற எளிய உணவை உண்ணுங்கள்.

2. கம்பு, பயறு வகைகள், கீரை, மீன், இறைச்சி ஆகியவற்றை உணவில் சேருங்கள். அவற்றோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றை உண்டால் இரும்பு உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர், காப்பி அருந்தினால் அது தடைப்படும். ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துங்கள்.

3. பள்ளியில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையையும் பூச்சி மாத்திரையையும் சன்னல் வழியே எறிந்துவிடாதீர்கள். வயிற்றைப் புரட்டினால் உணவுக்குப்பின் விழுங்குங்கள். கழிப்பறைக்கும் மைதானத்துக்கும் செருப்பணிந்து செல்லுங்கள்.

4. தாகத்தை அடக்காதீர்கள். நீர்மோரும் உப்பிட்ட எலுமிச்சைச் சாறும் நம் வீட்டிலேயே கிடைக்கும் நல்ல பானங்கள். அதற்காக அளவின்றித் தண்ணீரைக் குடிப்பதும் தீங்கே. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும்.

5. ஓடி முடித்ததும் சட்டென்று நிற்காமல் சில நிமிடம் நடந்துகொண்டே மூச்சை ஆற்றுங்கள்.

6. விழாவுக்கு முதல் வாரத்தில் மட்டும் ஓடிப் பயனில்லை. மாதக்கணக்கில் சிறிது சிறிதாகப் பழகினால் இருதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைச் செலுத்தும். தசையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகும். வெயிலுக்கு உடல் பழகுவதற்கே பத்துப் பதினான்கு நாட்களாகும்.

7. நன்றாக உறங்குங்கள். பழுதுபட்ட தசை செப்பனிடப்படுவது ஓய்வின்போதுதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "பெண்பிள்ளை ஓடினால் களைத்துப்போவாள்" என்று அவளை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். அடிக்கடி சோர்ந்து போனால், படியேறும்போது மூச்சு வாங்கினால், முகம் வெளுத்திருந்தால், மாதவிலக்கில் போக்கு மிகுதியாக இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒரு சிறு இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். ஓடும்போது நெஞ்சுவலியோ, மயக்கமோ வந்தால் நாள் கடத்தவே கூடாது. மகனுக்கு வைக்கும் மீன் துண்டை மகளுக்கும் வையுங்கள். ஆசிரியைகளாகிய நாமும் ஒரு மாணவி பின்தங்கினால், முதலில், "காலையில் என்ன சாப்பிட்டாய், அம்மா?" என்று கேட்போம். கண்டிப்பது பிறகு இருக்கட்டும்.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் மாதக்கணக்கில் உட்கொண்டாள். அவள் தாயார் நாள்தோறும் கீரையும் பயறும் சமைத்துக் கொடுத்தார். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "பரவாயில்லை, டீச்சர்" என்றாள். அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவில் 800 மீட்டரில் தன் பெயரைத் தானே கொடுத்தாள். பரிசு எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை, ஐந்தாவதாக வந்தாள். ஆனால் இரண்டு சுற்றுகளையும் எங்கும் நிற்காமல் ஓடி முடித்தாள். முடித்தவுடன் உட்காராமல், நான் சொல்லிக் கொடுத்தபடியே, இடுப்பில் கைவைத்து மெல்ல நடந்து வந்தாள்.

அந்தப் புங்கமரத்தடி அன்று காலியாக இருந்தது.